‘ஸ்வெல்’லுக்கு ரஷ்யனில் எந்தச் சொல்? எதனால் வீங்கியது என்று முதலில் பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் கப்பலில் ரஷ்யர்களோடு வேலை செய்யப்போகிறவர்களும் சிக்கிக்கொள்கிற சொல் இது. ஆங்கிலத்தில் காலும் ஸ்வெல், கதவும் ஸ்வெல், கடலும் ஸ்வெல். ரஷ்யனில் அப்படி ஒரே சொல் கிடையாது. ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை முடிந்துவிடும். கால் வீங்கும், கதவு ஊறும், வயிறு உப்பும், கப்பல் பாய் புடைக்கும், ஆறு பெருகும் என்று நாமும் காரணம் பார்த்துத்தான் சொல்லை மாற்றுகிறோம்.

முதலில் உச்சரிப்பு. கீழே ‘ஹ’ என்று எழுதியிருப்பது ‘அஃது’ சொல்லும்போது தொண்டையில் உரசுகிற ஒலி. அகராதி வடிவத்தின் கடைசி ‘த்’தை ‘த்ய்’ என்று மென்மையாக முடியுங்கள். ‘வ்ஸ்தூ’வில் வரும் ‘தூ’, சென்னையில் ‘துட்டு’ என்பதில் வரும் அழுத்தமில்லாத ‘து’வின் நெடில்.

உடம்பு வீங்கினால் இரண்டு சொற்கள். அடிபட்டோ, பூச்சி கடித்தோ, பல்வலியாலோ வீங்கினால் அப்புஹாத். வீங்கி முடிந்துவிட்டால் அப்பூஹ்னுத். நீர் கோத்து வீங்கினால் அத்திக்காத், முடிந்துவிட்டால் அத்தேச். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவரின் கால் வீக்கம் இந்த இரண்டாவது வகை. ‘நோகி அத்திக்காயுத் க் வேச்சிரு’ என்றால் சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்று பொருள்.

இந்த இரட்டை வடிவம்தான் பலரைக் குழப்புகிறது. ‘வீங்குது’, ‘வீங்கிடுச்சு’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘இடுச்சு’ செய்கிற வேலையை ரஷ்யனில் வேறு வினைவடிவம் செய்கிறது. தினமும் நடப்பது, நடந்துகொண்டிருப்பது எல்லாம் முதல் வடிவம். ஒருமுறை நடந்து முடிந்து, விளைவு கண்முன் நின்றால் இரண்டாவது.

அப்பூஹ்னுத்தின் இறந்தகாலத்தில் நடுவிலுள்ள ‘னு’ விழுந்துவிடும்: ஆண்பால் அப்பூஹ், பெண்பால் அப்பூஹ்லா, பன்மை அப்பூஹ்லி. ‘அப்பூஹ்னுல்’ என்று சொல்வதுதான் புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு. வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான். ‘உ மின்யா அப்பூஹ்லா நகா’ என்றால் எனக்குக் கால் வீங்கிடுச்சு. வினை காலோடு ஒத்துப்போகும், என்னோடு இல்லை.

மருத்துவ மாணவர்கள் கவனிக்க வேண்டியது பெயர்ச்சொல். அப்புஹாத்தின் உறவாயிற்றே என்று ‘ஓப்புஹல்’ என்று சொல்லிவைக்காதீர்கள். வார்டில் அதற்கு முதல் பொருள் கட்டி. புற்றுநோய்க் கட்டிக்கும் அதே சொல்தான். கணுக்கால் சுளுக்கிய நோயாளியிடம் அதைச் சொன்னால் பாவம், ஆள் அரண்டுவிடுவார். நீர்வீக்கத்துக்கு ‘அத்யோக்’, லேசான வீக்கத்துக்கு ‘ப்ரிப்பூஹ்லஸ்த்’.

ஈரம் உள்ளே போய்ப் பருத்தால் நபுஹாத், ரஸ்புஹாத். இவற்றின் ‘பு’ மட்டும் ‘பஸ்’ஸில் வரும் ப. ஊறவைத்த கடலை, தண்ணீரில் போட்ட ஜெலட்டின், துளிர்விடப்போகும் மொட்டு எல்லாம் நபுஹாத். அளவுக்கு மீறி ஊறி உருவம் கெட்டால் ரஸ்புஹாத். ஐப்பசி மழையில் மூட முடியாமல் அடம்பிடிக்கும் மரக்கதவுக்கு ‘த்வேர் ரஸ்பூஹ்லா’ என்பார்கள். மொட்டுகளுக்கு ரஷ்யனில் ‘போச்கி’ என்று பெயர். சிறுநீரகங்களுக்கும் அதே பெயர்தான், அனாட்டமி வகுப்பில் திகைக்க வேண்டாம். இட்லி மாவு பொங்குவது இந்தக் கணக்கில் வராது. அதற்கு ‘தியெஸ்தா பதஷ்லோ’, அதாவது மாவு எழும்பி வந்துவிட்டது.

உள்ளே காற்றோ வாயுவோ சேர்ந்து உப்பினால் வ்ஸ்துவாத்சா; முடிந்துவிட்டால் வ்ஸ்தூத்சா. வயிறு உப்பிக்கொண்டால் ‘ஷிவோத் வ்ஸ்தூல்ஸ்யா’. பர்மா பஜாரில் போனைக் கழற்றினால் உள்ளே தலையணை மாதிரி உப்பிக் கிடக்கிற பேட்டரிக்கு ‘பதரேயா வ்ஸ்தூலஸ்’. உப்பிய டின்னுக்கு ‘பான்கா வ்ஸ்தூலஸ்’. அந்த டின்னைத் திறக்காமல் தூக்கிப் போடுங்கள். உள்ளே கிருமி வளர்ந்து வாயு விட்டிருக்கலாம். ஆற்றுக்கும் இதே சொல் பொருந்தும். பூண்டி ஏரி திறந்து எண்ணூர் வரை கொசஸ்தலையாறு பெருகி வந்தால் ‘ரிக்கா வ்ஸ்தூலஸ்’. கரை தாண்டி ஊருக்குள் பரவிவிட்டால் ‘ரஸ்லிலாஸ்’.

கப்பல் பாய் காற்றில் புடைத்தால் ‘பருசா நதூலிஸ்’. இதே வினையை ஆள் மேல் போட்டு ‘ஆன் நதூல்ஸ்யா’ என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள். வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடலுக்கு வினை வேண்டாம், பெயர்ச்சொல் போதும்: ஸிப். அந்த ‘இ’ நம் இகரம் இல்லை. ‘காசு’ என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காசிமேட்டில் காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட அலை உருண்டு உருண்டு வருமே, அதற்கு ‘ம்யோர்த்வயா ஸிப்’, சொல்லுக்குச் சொல் செத்த அலை. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, நங்கூரம் போட்ட கப்பலையும் அது ஆட்டியெடுக்கும்.

எண்ணிக்கை கூடினால் வீக்கச் சொல்லே வேண்டாம், ‘வீரஸ்லா’ போதும். வளர்ந்தது என்று பொருள். ஓசை மெல்ல மெல்லக் கூடினால் ‘நரஸ்தாத்’.

கடைசியாக ஒரு பொறி. ஆங்கிலத்தில் தலை வீங்கியவன் என்றால் தலைக்கனம் பிடித்தவன். ரஷ்யனில் ‘கலவா பூஹ்னித்’ என்றால் யோசித்து யோசித்து மண்டை காய்கிறது என்பதுதான். தலைக்கனம் பிடித்தவனைச் சொல்ல ‘ஸஸ்னால்ஸ்யா’.