சபெராவி வாங்கப் போகிறீர்களா?

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலிசிக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்தால் தவறாமல் கேட்பது, "இங்கே நல்ல ரெட் ஒயின் எது?" நான் பதிலுக்குக் கேட்பேன்: "இனிப்பு வேணுமா, வேண்டாமா?" அதை முடிவு செய்யாமல் கடைக்குள் போகாதீர்கள். ஒரே சபெராவி திராட்சையில் இரண்டு வகையும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

சபெராவி கிழக்கு ஜார்ஜியாவின் ககேத்திப் பகுதிக்குச் சொந்தமான திராட்சை. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்கு நிறம் தோலோடு சரி, பிழிந்தால் சாறு வெளுப்பாகத்தான் வரும். இதற்குச் சதையே சிவப்பு. அதனால் கோப்பையில் ஊற்றினால் மை போல இருக்கும். புளிப்பும் தூக்கலாக இருக்கும், துவர்ப்பும் கூடவே வரும்.

லேபிளில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஊர்ப் பெயர். இனிப்பு வேண்டாம் என்றால் 'முகுஸானி' எடுங்கள். அலஸானி ஆற்றின் வலது கரையில், குர்ஜானி பக்கம் விளைகிற சபெராவி அது. ஓக் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துவதால் துவர்ப்பின் முரட்டுத்தனம் குறைந்திருக்கும். என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். இனிப்பு வேண்டுமென்றால் 'கின்ட்ஸ்மராவுலி'. இது எதிர்க்கரையில், க்வரேலி பக்கத்துச் சரக்கு. 1942-லிருந்து தயாராகிறது. சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்கு முன்பே குளிரவைத்துப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த இனிப்பு திராட்சையிலேயே மிஞ்சியது, கரண்டியால் போட்டதல்ல. 'அகாஷெனி' என்று பார்த்தால் அதுவும் இனிப்புதான். 'நபரெவுலி' என்ற பெயரில் வெள்ளை ஒயினும் உண்டு, சிவப்பும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

பெயர் நினைவில்லையென்றால் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'ட்ரை' அல்லது 'செமி ஸ்வீட்' என்று ஆங்கிலத்திலும் போட்டிருப்பார்கள். கடைக்காரரிடம் வாயால் கேட்பதானால் இனிப்பில்லாததற்கு 'ம்ஷ்ராலி' என்றால் போதும். வாள் வடிவ பாட்டில், கொம்பு வடிவ பாட்டில் எல்லாம் ஷோகேஸுக்கு ஆகும். அந்தக் காசுக்கு உள்ளே இருப்பது இன்னும் நல்லதாகக் கிடைக்கும்.

'க்வேவ்ரி' என்று லேபிளில் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய மண்தாழியில், தோல், விதையோடு சேர்த்துப் புளிக்கவைத்தது அது. உள்சுவரில் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். இந்த முறையை யுனெஸ்கோ 2013-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அருமையான சமாச்சாரம்தான், ஆனால் ஒயினே புதிது என்பவருக்கு முதல் வாயிலேயே நாக்கு இழுத்துப் பிடிக்கும். அவர்கள் முகுஸானியில் தொடங்கி அப்புறம் இதற்கு வரட்டும்.

வீட்டில் திறக்கும்போது சூட்டைக் கவனியுங்கள். ரெட் ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது குளிர்தேசத்து அறைக்குச் சொன்னது. கோடையில் திபிலிசியே 35 டிகிரியைத் தொடும். முகுஸானிக்கு 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும், கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து அந்தச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். கின்ட்ஸ்மராவுலி இன்னும் குளிர்ச்சியாக, 12 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் குடித்தால் அது சிரப்தான். க்வேவ்ரி சபெராவியை ஒரு மணி நேரம் முன்பே திறந்து ஜாடியில் ஊற்றி வையுங்கள். பாட்டிலின் அடியில் கசடு இருந்தால் பயப்பட வேண்டாம், மெதுவாகச் சாய்த்து, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள்.

வெறும் வயிற்றில் முகுஸானி குடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ககேத்தியில் திராட்சைக் குச்சி எரித்த தணலில் 'ம்த்ஸ்வாதி' சுடுவார்கள், கம்பியில் கோத்த இறைச்சித் துண்டுகள். கொழுப்பும் புகையும் சேர்ந்தால்தான் இந்தப் புளிப்புக்கு வேலை. சைவம் என்றால் வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய் அட்டகாசமாகப் பொருந்தும். ஜார்ஜியர் வீட்டு விருந்தானால் 'தமதா', அதாவது விருந்தை நடத்துகிறவர், வாழ்த்துச் சொல்லி முடிக்கும்வரை கோப்பையை வாயில் வைக்காதீர்கள். வெள்ளைச் சட்டையும் போட்டுப் போகாதீர்கள்.

பல்லில் கறை ஏறும்தான். உடனே பிரஷ் எடுத்துத் தேய்க்காதீர்கள், புளிப்பில் எனாமல் இளகியிருக்கும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தேயுங்கள்.

இந்தியாவுக்குள் தலைக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் மதுபானம் கொண்டு போகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்று கணக்கு வையுங்கள். நான் அனுப்பினால் இரண்டும் முகுஸானிதான். வீட்டில் இனிப்புக்காரர் இருந்தால் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.