நடக்காத குழந்தையின் எலும்பைக் காப்பது எப்படி?

பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத குழந்தைகளுக்கு எலும்பு பெரும்பாலும் முறிவது தொடையெலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்குச் சற்று மேலே. விழ வேண்டுமென்பதில்லை, டயப்பர் மாற்றும்போதுகூட முறியலாம். கணுக்காலைப் பிடித்து இடுப்பைத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டுங்கள். காரணமில்லாத அழுகை, முழங்கால் வீக்கம், சூடு இருந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கிருமித்தொற்று என்று நினைத்து நாள் கடத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கால்சியம் 4–8 வயதில் நாளுக்கு 1000 மி.கி., 9 வயது முதல் 1300 மி.கி. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. உண்டு, ஆனால் கூழில் போடும் மாவோ சில கரண்டிதான். பால், தயிரும் வேண்டும். வைட்டமின் டி நாளுக்குக் குறைந்தது 600 யூனிட். ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்துகள் அதை வேகமாகக் கரைப்பதால் ரத்தத்தில் அளவு பார்த்தே மருத்துவர் டோஸ் முடிவு செய்வார். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்டாண்டிங் ஃப்ரேமில் (குழந்தையைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம்) நாளுக்கு 60 நிமிடம், வாரம் 5 நாள் இலக்கு. 10 நிமிடத்தில் தொடங்கலாம். குதிகால் தரையில் பதியாமல் பெல்ட்டில் தொங்கினால் எலும்புக்குப் பாரமே போகாது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி? எலும்புக்கான வழக்கமான சிகிச்சை அல்ல. முதுகு வளைவு வேகமாகக் கூடவும் கூடும். முதலில் ஊட்டம், தைராய்டு பாருங்கள். நிற்காத குழந்தையின் உயரத்தைக் கணக்கிட (2–12 வயது) வழி உண்டு: முழங்காலை 90 டிகிரி மடக்கி, குதிகாலிலிருந்து முழங்கால் மேற்பரப்பு வரை அளந்து, 2.69ஆல் பெருக்கி 24.2 செ.மீ. கூட்டுங்கள். 30 செ.மீ. என்றால் உயரம் ஏறத்தாழ 105.