விருதுக்குப் பரிந்துரைக்கிறீர்களா? அளவுகோலிலிருந்து தொடங்குங்கள்

சிறுதொழில் விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, அறிவிப்பில் உள்ள மதிப்பீட்டு அளவுகோல்களை அப்படியே தலைப்புகளாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண்ணும் அதற்கான சான்றும் வையுங்கள். நடுவர்கள் பெரும்பாலும் அளவுகோல் வாரியாகத்தான் மதிப்பெண் போடுவார்கள். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அது எந்த அளவுகோலிலும் மதிப்பெண் சேர்க்காது. "வேலையாட்கள் 2 பேரிலிருந்து 7 பேர்" என்ற ஒரே வரி சேர்க்கும். வழிகாட்டி, பயிற்சியாளர் போன்ற ஆதரவாளர் பிரிவு என்றால் அவருடைய பதவிகளை அடுக்க வேண்டாம். அவர் கைகொடுத்த தொழில்களில் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள். விற்றுமுதல் விவரங்களைச் சேர்க்கும் முன் உரியவரிடம் கட்டாயம் சம்மதம் வாங்குங்கள்.

பொதுமக்கள் வாக்களிப்பில் முடிவாகும் விருதுகளுக்கு இந்த முறை உதவாது. பெயரும் தொடர்பு எண்ணும் மட்டும் கேட்கும் முதல்கட்டப் படிவத்துக்குத் தேவையும் இல்லை.