1500 மீட்டரில் நேரம் குறைய வேண்டுமா? சேர்ந்து ஓடிப் பழகுங்கள்

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத் தஞ்சாவூரில் விடியற்காலையில் புது ஆற்றங்கரையில் தனியாக ஓடும் தம்பிகள் நிறைய. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுறேன், நேரம் மட்டும் குறையவே மாட்டேங்குதே என்பார்கள். ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு அந்த வேகத்துக்குத்தான் பழகும். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, நாலைந்து பேராக மைதானத்துக்கு வாருங்கள்.

முதல் நாள் நேரம் மட்டும் எடுங்கள். 400 மீட்டர் ட்ராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. உங்களுக்கு 7 நிமிடம் 30 நொடி ஆனால் சுற்றுக்கு 120 நொடி, 7 நிமிடத்துக்கு வர 112 நொடி. குறைக்க வேண்டியது சுற்றுக்கு 8 நொடிதான், இதை எழுதிப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். (லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர், இந்த ஒரு சுற்றை 46 நொடிக்குள் ஓடியிருக்கிறார்!) முதல் லேனிலேயே ஓடுங்கள், இரண்டாவது லேனில் சுற்றுக்கு சுமார் 7 மீட்டர் கூடிவிடும். மண் மைதானம் என்றால் சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு உருளலுக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்துகொண்டு, மைதானத்தைச் சுற்றி உருட்டி எண்ணினால் போதும்.

அடுத்து வார்ம்-அப். பத்துப் பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம், அப்புறம் முட்டியைத் தூக்கி ஓடுவது மாதிரி சில பயிற்சிகள், கடைசியில் 80 மீட்டர் நாலு தடவை கொஞ்சம் வேகமாக. இதைத் தவிர்த்தவர்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடிக்கும்.

இப்போது முக்கியமான வேலை: 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 112 நொடி, இடையில் இரண்டு நிமிடம் நடை. இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறோம். நான் முதல் தடவை ஓடியபோது முதல் சுற்றை 95 நொடியில் முடித்தேன், நாலாவது 130-ஐத் தாண்டியது, ஐந்தாவதுக்கு எழுந்திருக்க முடியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கூட ஓடிய அண்ணன் ஒருத்தர், "அடுத்த வாரம் என் முதுகைப் பார்த்துக்கிட்டே வா, முன்னாடி மட்டும் போகாதே" என்றார். அப்படியே ஓடினேன். அவர் பனியனில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஓடுகையில் மண்ணில் எங்கள் நாலு பேர் காலும் ஒரே சத்தமாக விழுந்தது, ஆறாவது சுற்றும் முதல் சுற்று மாதிரியே முடிந்தது. சேர்ந்து ஓடுவது இதற்குத்தான், ஒருத்தரை ஒருத்தர் முந்துவதற்கு இல்லை.

ஆகவே சுற்றுக்கு ஒருவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் பின்னால், அடுத்த சுற்றுக்கு ஆள் மாறட்டும். ஒருவர் வாட்ச்சோடு 200 மீட்டரில் நின்று நேரத்தைக் கத்திச் சொல்லட்டும், அங்கே 56 வர வேண்டும், 50 வந்தால் உடனே குறையுங்கள். குழுவில் ஒருவர் 125 நொடி ஆள் என்றால் அவரைத் துரத்தாதீர்கள், 13 நொடி முன்னதாகக் கிளப்பிவிடுங்கள், எல்லாரும் ஒன்றாக முடிப்பீர்கள், ஓய்வும் ஒன்றாக வரும். என் அனுபவத்தில் புதிதாக வருபவர்கள் பாதியில் நின்றுபோகாமல் இருப்பது இந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு சுற்றைக் கூட்டி எட்டு வரை போகலாம், வேகத்தைக் கூட்ட வேண்டாம். கடைசிச் சுற்று இழுக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ நீராகாரமோ குடியுங்கள். சித்திரை வைகாசியில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், டெல்டாப் புழுக்கம் பொல்லாதது.

ஐப்பசி, கார்த்திகையில் மண் மைதானம் சேறாகிவிடும். வழுக்குகிற வளைவில் வேகம் எடுத்தால் கணுக்கால் போய்விடும், அதனால் வண்டி அதிகம் வராத தார்ச்சாலைக்கு மாறி, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்து ஓடுங்கள்: இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை. தை பிறந்து மண் இறுகியதும் மறுபடி 1500 ஓடி நேரம் எடுங்கள்.