நெல்லைப் பேச்சு வழக்கு நாவலில் தடுக்கினால்

திருநெல்வேலிப் பேச்சில் எழுதிய நாவலா? முதல் 20 பக்கங்களின் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பேச்சு காதுக்காக எழுதப்பட்டது. கண் எழுத்துத் தமிழைத் தேடுவதால்தான் தடுமாறுகிறது. 'கிற' வரவேண்டிய இடத்தில் 'த' வரும்: சொல்கிறான், 'சொல்லுதான்' ஆகும். மரியாதைக்கு 'ஆவ' வரும்: வருகிறார்கள், 'வாராவ'. இந்த இரண்டும் பிடிபட்டாலே வாசிப்பு ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் அந்தப் பேச்சின் ருசியே தனி.

பொருட்பெயர்களுக்கு இது உதவாது. வடலி என்றால் இளம்பனை, அக்கானி என்றால் பதநீர், தேரி என்றால் செம்மணல் மேடு. உச்சரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினால் கதை அறுந்துபோகும். பக்க எண்ணோடு துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, அத்தியாயம் முடிந்ததும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் பாருங்கள். திருநெல்வேலி வழக்குக்கு அதில் தனிக் குறியீடே உண்டு.