முதல் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

டர்பன் பக்கம் ரைஃபிள் பார்க்கக் கடைக்குப் போகிற நம் ஆட்கள் முதலில் கேட்பது, "இதில் எது பவர் ஜாஸ்தி?" என்பதுதான். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். எந்த மான், எவ்வளவு தூரம், உங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்று யோசித்தாலே தேர்வு இரண்டு மூன்று காலிபருக்குள் (குழல், தோட்டா அளவு) வந்துவிடும்.

லைசென்ஸுக்கு எழுதிப் போடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தகுதிச் சான்றிதழ் வாங்கிய பிறகு போலீஸ் கொடுக்கும் லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு மட்டும்தான். காலிபர் ஒத்துவரவில்லை என்றால் வேறு துப்பாக்கி, புது விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு.

படி 1: எந்த மான்?

ஸ்பிரிங்பாக் பெரும்பாலும் 40 கிலோவுக்குள் நிற்கும். இம்பாலா கிடா சுமார் 60 கிலோ. நியாலா கிடா 100 கிலோவைத் தாண்டும், குடு கிடா 200-ஐயும் தாண்டும். குவாசுலு-நட்டாலில் புதியவர்களுக்குப் பண்ணைக்காரர்கள் முதலில் காட்டுவது அநேகமாக இம்பாலாதான். ஆனால் அடுத்த வருஷம் குடு மேல் ஆசை வரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 2: எவ்வளவு தூரம்?

ம்கூஸே, பொங்கோலா பக்கம் முள்காடு. 100 மீட்டருக்குள்ளேயே சுட வேண்டியிருக்கும். கரூ என்ற வறண்ட வெட்டவெளியில் 200 மீட்டர் சாதாரணம், கூடவே பக்கக் காற்று. கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். குச்சியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறலாம். மான் இடைவெளிக்கு வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

படி 3: காலிபர்

.243 வின்செஸ்டர்: 100 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, சுடும்போது தோளில் விழும் உதை குறைவு. ஸ்பிரிங்பாக், இம்பாலா இரண்டுக்கும் தாராளம். குடுவுக்கு வேண்டாம்.

.308 வின்செஸ்டர்: 1952-இல் வந்தது. 150 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 860 மீட்டரில் கிளம்பும். இம்பாலா முதல் குடு வரை ஒரே ரைஃபிளில் முடிக்கலாம், தோட்டாவும் எந்த ஊரிலும் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஒரே துப்பாக்கி வாங்குகிறவருக்கு இதுதான்.

.30-06 அதைவிடக் கொஞ்சம் வேகம், உதையும் கொஞ்சம் கூடுதல். வெட்டவெளிக்கு .270 அல்லது 6.5 கிரீட்மோர் நல்லது. போயர் போர்க்காலத்து 7×57 மௌசர் இன்றும் பல பண்ணை வீடுகளில் உண்டு. பழசு என்று ஒதுக்காதீர்கள், மானுக்கு அருமையான தோட்டா.

படி 4: குண்டு

புதியவர்கள் அவசரத்தில் தாண்டிப்போகிற இடம் இது. தோட்டா என்றால் பித்தளைக் கூடு, தீப்பொறி கொடுக்கும் பிரைமர், வெடிமருந்து, நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்தது. மானைத் தொடுவது குண்டு மட்டும்தான். ஒரே .308-இல் எந்தக் குண்டு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேட்டையே மாறிவிடும்.

மெல்லிய உறை போட்ட லேசான குண்டு, 60 மீட்டரில் முழு வேகத்தில் இம்பாலாவின் தோள் எலும்பில் பட்டால் சிதறிவிடும். தோலை உரித்தால் அந்தப் பக்கத் தோள் முழுக்க ரத்தம் கட்டி, கருஞ்சிவப்பு ஜெல்லி மாதிரி இருக்கும். கறிக்கும் ஆகாது, பில்டாங்குக்கும் (உப்பு, மசாலா போட்டு உலர்த்திய கறி) ஆகாது, வெட்டி எறிய வேண்டியதுதான். குடு மாதிரி பெரிய உடம்பில் அதே குண்டு உள்ளே ஆழமாகப் போகாமல் நின்றுவிடலாம்.

அதனால் முள்காட்டுக்கு 165 அல்லது 180 கிரெயின், ஈயமும் உறையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு, இல்லையென்றால் முழுக்கச் செம்பாலான குண்டு வாங்குங்கள். இரண்டும் விரியும், ஆனால் எளிதில் சிதறாது. வெட்டவெளி ஸ்பிரிங்பாக்குக்குச் நுனியில் ஈயம் வெளியே தெரியும் சாதாரண சாஃப்ட் பாயின்ட், 150 கிரெயின் போதும். நுனிவரை உறை மூடிய முழு உறைக் குண்டு விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மான் காயத்தோடு வெகுதூரம் ஓடும். காயம்பட்டு ஓடிய மானுக்கும் முழுக் காசு கேட்பதுதான் பண்ணைகளில் வழக்கம்.

படி 5: தோள்

உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் எந்தக் காலிபரும் உதவாது. வாங்கும் முன் ரேஞ்சில் ஒருவரிடம் கேட்டு இரண்டு வகையாவது சுட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொள்கிறீர்கள் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் .243-க்கு இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: வாங்கி, சரிபார்த்து

குழலில் பொறித்திருக்கும் காலிபர் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் சற்றே மாறினாலும் போடக் கூடாது, குழல் வெடிக்கலாம். 150, 165, 180 என்று வகைக்கு ஒரு பெட்டி வாங்கி, 100 மீட்டரில் மும்மூன்றாகச் சுடுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுவே உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்தது. அப்புறம் ஸ்கோப்பைத் திருத்துங்கள். 150 கிரெயின் .308-ஐ 100 மீட்டரில் குறிக்கு 5 சென்டிமீட்டர் மேலே விழும்படி வைத்தால் 200 மீட்டரில் ஏறக்குறைய குறியிலேயே இருக்கும்.

தேறிய வகையில் நாலைந்து பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். சாதாரண லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் வைக்க முடியாது. பண்ணைக்குப் போகும்போது நிலத்துக்காரரின் எழுத்து அனுமதியும் லைசென்ஸும் கையில் இருக்கட்டும்.