நாய்க் காப்பகம் தொடங்கப் போகிறீர்களா? எந்த அனுமதிக்கு எங்கே போவது

வெளியூர் போகிறவர்களின் நாய்களைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திருகோணமலையில் இப்போது பலர் யோசிக்கிறார்கள். கூடு அடிப்பது பெரிய வேலையில்லை, அனுமதிதான் குழப்பம். நாடு முழுவதற்குமான சட்டங்கள் நாயைப் பற்றியவை. உங்கள் உள்ளூராட்சி சபையின் விதிகள் வளவைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

1. வளவு எந்தச் சபைக்குள்?

நகரம் மாநகர சபைக்குள் வரும். நிலாவெளிப் பக்கம் போகும்போது உப்புவெளி 'பட்டினமும் சூழலும்' பிரதேச சபைக்குள், நிலாவெளி குச்சவெளி பிரதேச சபைக்குள். சோலைவரிப் பற்றுச்சீட்டு இருந்தால் சபையின் பெயர் அதிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. நான் ஒன்றின் வரிசையில் அரை நாள் நின்றுவிட்டு, "இது அங்கே தம்பி" என்று சொல்லக் கேட்டுத் திரும்பியவன். வியாபாரப் பெயரைப் பதிய செயலகம், தொழில் நடத்தும் அனுமதிப்பத்திரத்துக்குச் சபை.

2. சபையில் துணைவிதியைக் கேளுங்கள்

துணைவிதி என்றால் சபை தானே போடும் விதி. நாய் பராமரிப்பு எந்தத் தொழில் வகைக்குள் வருகிறது, கட்டணம் எவ்வளவு என்பது சபைக்குச் சபை மாறும். பக்கத்துச் சபையில் நண்பர் கட்டிய தொகையை நம்பிப் போகாதீர்கள். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். நவம்பரில் எடுத்தால் அடுத்த மாதமே புதுப்பிக்க வேண்டும். கூரையும் சுவரும் கட்டுவதென்றால் கட்டட அனுமதி வேறு.

3. பி.எச்.ஐ. வருமுன்

சபை உங்கள் இடத்தைப் பார்த்துவரப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கேட்கலாம். இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். கடற்கரைப் பக்கம் மணல் நிலம், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கூடு கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனால் முறைப்பாடு நிச்சயம். சீமெந்துத் தரையை ஒரு பக்கம் சரித்து, கான் வெட்டி, கழிவுக் குழியை இரு வீட்டுக் கிணறுகளுக்கும் எட்டத்தில் வையுங்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூலையில் தேங்கினால் தரையைத் திரும்பப் பூசுங்கள், வேறு வழியில்லை. இரவில் குரைக்கும் சத்தத்துக்கு மதில் கொஞ்சம் உதவும், முழுதாக அல்ல.

4. நாய்களுக்கான சட்டம்

நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டினது. சட்டம் நாட்டுக்கு ஒன்றுதான் என்றாலும் பதிவது உங்கள் சபையே, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். காப்பக அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக உங்கள் சொந்த நாயின் பதிவு முடிந்ததாக நினைக்க வேண்டாம். விசர்நாய்க்கடி நோய்க்கு 1893இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. அதனால் கொண்டுவரும் ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசி அட்டை கேளுங்கள், திகதி ஒரு வருடம் தாண்டியிருந்தால் முதலில் ஊசி, அப்புறம்தான் கூடு. அட்டையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. இடுக்கமான கூட்டில் தண்ணீரில்லாமல் அடைத்தால் பொலிஸ் வரலாம், அப்போது சபையின் அனுமதிப்பத்திரத்தை நீட்டிப் பயனில்லை.